திருப்பாவை 23ஆம் பாசுரம்: எதுகை, தளை, மீள்வரவு

திருப்பாவையின் 23ஆம் பாசுரம், மலைக்குகையில் உறங்கும் சிங்கம் ஒன்று விழித்தெழுந்து புறப்படும் காட்சியைக் கொண்டு கண்ணனைத் துயிலெழுப்பும் எட்டடிப் பாடல் ஆகும். இதை இயற்றியவர் ஆண்டாள். பாசுரத்தின் சிங்க உவமை பெரிதும் போற்றப்படுவது. ஆனால் அதன் ஒலியமைப்பில் உள்ள ஒரு சிறப்பு அதிகம் கவனிக்கப்படுவதில்லை. திருப்பாவைப் பாசுரங்கள் பெரும்பாலும் எட்டு அடிகளிலும் ஒரே எதுகையைக் கொண்டவை. இப்பாசுரத்தில் ஆறு அடிகளில் மட்டுமே எதுகை பொருந்துகிறது. ஐந்தாம், ஆறாம் அடிகளில் அது விலகி, ஏழாம் அடியில் திரும்பி வருகிறது. இந்த விலகலுக்கும் பாசுரத்தின் பொருளுக்கும் உள்ள தொடர்பை எதுகை, மோனை, தளை, சொல் மீள்வரவு ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

பாசுரத்தின் இடமும் பொருளும்

திருப்பாவை 30 பாசுரங்களைக் கொண்டது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இடம்பெற்றுள்ளது. முதல் ஐந்து பாசுரங்கள் நோன்பின் நோக்கத்தையும் முறையையும் கூறுகின்றன. 6 முதல் 15 வரை உள்ளவை உறங்கும் தோழியரை எழுப்புகின்றன. 16ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர் நந்தகோபன் மாளிகையின் வாயிலை அடைகின்றனர். தொடர்ந்து நந்தகோபன், யசோதை, பலதேவன், நப்பின்னை ஆகியோரை எழுப்பி, இறுதியில் கண்ணனின் கட்டிலருகே வந்து நிற்கின்றனர். 22ஆம் பாசுரம் கண்ணன் தன் கண்களைச் சிறுகச் சிறுகத் திறந்து தங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. அடுத்து வருவது 23ஆம் பாசுரம்.

அதன் பொருள் சுருக்கம் வருமாறு: மழைக்காலத்தில் மலைக்குகையில் ஒடுங்கி உறங்கும் சிங்கம் உணர்வு பெற்று, கண்களில் தீ எழ விழித்து, பிடரி மயிர் பொங்க எல்லாப் பக்கமும் அசைந்து உடலை உதறி, சோம்பல் முறித்து நிமிர்ந்து, முழங்கிப் புறப்படும். அதுபோலக் காயாம்பூ நிறத்தவனாகிய நீ உன் கோயிலிலிருந்து இங்கே எழுந்தருளி, அழகிய அரியணையில் அமர்ந்து, நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டு ஆராய்ந்து அருள வேண்டும்.

பொருள் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. முதல் நான்கு அடிகள் சிங்கத்தைப் பற்றியவை. பின் நான்கு அடிகள் கண்ணனைப் பற்றியவை. இரண்டையும் இணைக்கும் உவம உருபு ஐந்தாம் அடியின் தொடக்கத்தில் நிற்கிறது. 'நீ' என்ற முன்னிலைச் சொல்லும் அந்த அடியில்தான் முதன்முதலாக வருகிறது. எனவே பாசுரத்தின் திருப்பம் ஐந்தாம் அடி. ஒலியமைப்பு மாறுவதும் அதே இடத்தில்தான்.

யாப்பு

திருப்பாவைப் பாசுரங்கள் நாற்சீர் அடிகள் எட்டால் ஆன கொச்சகக் கலிப்பா வகையைச் சேர்ந்தவை, வெண்டளையால் அமைந்தவை. வெண்டளை இரு வகைப்படும். மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரை அடுத்து நேரசையும் வருவது இயற்சீர் வெண்டளை. காய்ச்சீரை அடுத்து நேரசை வருவது வெண்சீர் வெண்டளை.

23ஆம் பாசுரத்தின் சீர்கள் பின்வரும் வாய்பாட்டில் அமைகின்றன:

அடி 1: தேமா – கருவிளங்காய் – தேமா – கருவிளங்காய்
அடி 2: கூவிளம் – தேமா – புளிமாங்காய் – கூவிளங்காய்
அடி 3: தேமா – புளிமாங்காய் – தேமாங்காய் – கூவிளங்காய்
அடி 4: தேமா – புளிமா – புளிமா – புளிமாங்காய்
அடி 5: கூவிளங்காய் – தேமாங்காய் – தேமாங்காய் – தேமாங்காய்
அடி 6: கூவிளம் – கூவிளம் – கூவிளங்காய் – கூவிளங்காய்
அடி 7: கூவிளம் – தேமா – கருவிளங்காய் – தேமாங்காய்
அடி 8: கூவிளம் – தேமா – புளிமாங்காய் – தேமாங்காய்

ஆறாம் அடியின் முதற்சீரைப் புணர்ச்சி விதிப்படி சேர்த்துப் படித்தால் கூவிளம் ஆகும். சொற்களைப் பிரித்துப் படித்தால் தேமாங்காய் ஆகும். எப்படிப் படித்தாலும் அடுத்த சீர் நேரசையில் தொடங்குவதால் வெண்டளை பிறழ்வதில்லை.

மொத்தம் 32 சீர்கள். அவற்றுக்கு இடையே 31 தளைகள். அடிக்கும் அடிக்கும் இடையே உள்ளவை உட்பட அனைத்தும் வெண்டளைகளே. எட்டு அடிகளும் காய்ச்சீரில் முடிகின்றன. அதனால் அடுத்த அடி எப்போதும் நேரசையில் தொடங்கியாக வேண்டும். ஓர் அடி முடிந்ததும் ஓசை நின்றுவிடாமல் அடுத்த அடிக்குள் செல்வதற்கு இந்த அமைப்பு உதவுகிறது. எதுகை விலகும் இடத்திலும் தளை விலகவில்லை என்பது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

எதுகை

அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது அடி எதுகை. முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலும் வர வேண்டும்.

இப்பாசுரத்தின் முதல் நான்கு அடிகள் 'மாரி', 'சீரிய', 'வேரி', 'மூரி' என்னும் சொற்களால் தொடங்குகின்றன. நான்கிலும் இரண்டாம் எழுத்து 'ரி'. ரகர மெய் மட்டுமன்றி, அதன் மேல் ஏறிய இகரமும் மாறாமல் வருகிறது. திருப்பாவையின் பல பாசுரங்களில் இவ்வளவு நெருக்கம் இல்லை. முதல் பாசுரத்தின் எதுகையிலும் ரகரமே உள்ளது. ஆனால் அங்கே அது சில அடிகளில் ஒற்றாகவும் சில அடிகளில் உயிர்மெய்யாகவும் வருகிறது. 23ஆம் பாசுரத்தின் முதல் பாதி அதைவிட இறுக்கமானது.

ஐந்தாம் அடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து தகரம். ஆறாம் அடியில் அது யகரம். இரண்டும் ரகரத்தோடு பொருந்தவில்லை; ஒன்றோடொன்றும் பொருந்தவில்லை. ஏழாம் அடி மீண்டும் 'சீரிய' என்று தொடங்குகிறது. எட்டாம் அடியின் முதற்சொல் 'காரியம்'. எதுகை பழைய 'ரி' எழுத்துக்கே திரும்பிவிடுகிறது.

எனவே எதுகையின் வரைபடம் நான்கு அடி பொருத்தம், இரண்டு அடி விலகல், இரண்டு அடி பொருத்தம் என அமைகிறது. இதைப் பொருளோடு வைத்துப் பார்த்தால் விலகல் எங்கே விழுகிறது என்பது தெளிவாகும். சிங்கம் இருக்கும் அடிகளில் எதுகை உண்டு. கண்ணன் அரியணையில் அமர்ந்து காரியம் கேட்கும் அடிகளில் எதுகை உண்டு. கட்டிலிலிருந்து எழுந்து அரியணை வரை அவன் நடந்து வரும் அடிகளில் மட்டும் எதுகை இல்லை. அவன் சென்று அமர்கின்ற அடியில் எதுகையும் தன் இருப்பிடத்துக்கு வந்துவிடுகிறது.

விலகல் முழுமையானதும் அன்று. எதுகை விதியின் ஒரு பாதியாகிய முதலெழுத்தின் அளவு எட்டு அடிகளிலும் காக்கப்படுகிறது. ஐந்தாம் அடி 'போ' என்றும் ஆறாம் அடி 'கோ' என்றும் நெடிலிலேயே தொடங்குகின்றன. இரண்டும் ஓகாரம் என்பதால் அந்த இரண்டு அடிகளுக்குள் தனியான ஓர் ஒலி உறவும் உண்டு. இதனால் பாடும்போது ஓசை அறுந்ததாகத் தோன்றுவதில்லை. தெரிவது சிறிய நெகிழ்ச்சி மட்டுமே.

மோனை

எதுகை நெகிழும் இடத்தில் மோனை வலுப்பெறுவதைக் காணலாம். மோனையில் முதலெழுத்தே வர வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் இனமாகக் கொள்ளப்படும்.

முதல் அடியில் மகரம் முதல் மூன்று சீர்களிலும் வருகிறது. இது கூழை மோனை. இரண்டாம் அடியில் முதல் இரு சீர்களும் சகரத்தில் தொடங்குகின்றன. நான்காம் சீரின் 'தீ' அவற்றுக்கு இனம். ஆகவே இது கீழ்க்கதுவாய் மோனை. மூன்றாம் அடியில் சொல்லத்தக்க மோனை இல்லை. எகர ஏகார ஒலிகள் மட்டும் மூன்று சீர்களின் தொடக்கத்தில் ஒலிக்கின்றன. நான்காம் அடியில் முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றிப் பொழிப்பு மோனை அமைகிறது.

ஐந்தாம் அடியில் 'போ', 'போ', 'பூ' என முதல் மூன்று சீர்களும் மோனையால் தொடுக்கப்பட்டுள்ளன. முந்தைய அடியின் இறுதிச் சொல்லாகிய 'புறப்பட்டு' என்பதும் அதே இனத்தில் தொடங்குவது. ஆக, நான்காம் அடியின் கடைசிச் சீர் தொடங்கி ஐந்தாம் அடியின் மூன்றாம் சீர் வரை பகரம் அடுத்தடுத்து நான்கு சீர்களில் வருகிறது. அடி எதுகை அறுபடும் இடத்தில் மோனைதான் இரண்டு அடிகளையும் தைத்துத் தருகிறது. ஆறாம் அடியில் முதற்சீரும் நான்காம் சீரும் 'கோ' என்று தொடங்கி ஒரூஉ மோனை ஆகின்றன. அடியின் இரு முனைகளிலும் ஒரே எழுத்து நிற்கிறது.

தேர்வில் 'எதுகை, மோனைச் சொற்களை எடுத்து எழுதுக' என்ற வினாவுக்கு இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எழுதிப் பழகிய மாணவர் இந்த உறவைக் காண்பது கடினம். இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பும் வகையில் செயல்படுகின்றன. ஒரு பாடலில் எதுகை இல்லாத அடியைக் கண்டால், அங்கே மோனை என்ன செய்கிறது என்று பார்ப்பது பயன் தரும்.

சீரும் நடையும்

சீர்களின் வாய்பாட்டிலும் நான்காம், ஐந்தாம் அடிகளுக்கு இடையே பெரிய மாற்றம் உள்ளது. நான்காம் அடியின் முதல் மூன்று சீர்களும் மாச்சீர்கள். ஈரசைச் சீர்கள் தொடர்ந்து வருவதால் அடி விரைந்து செல்கிறது. சிங்கம் நிமிர்வதும் முழங்குவதும் வெளியேறுவதும் ஒரே அடிக்குள் முடிந்துவிடுகின்றன.

ஐந்தாம் அடியின் நான்கு சீர்களும் காய்ச்சீர்கள். பாசுரத்தில் வேறு எந்த அடியிலும் இவ்வாறு இல்லை. நான்கில் மூன்று தேமாங்காய். அடியில் உள்ள 12 அசைகளில் ஒன்று மட்டுமே நிரையசை. மற்ற 11 அசைகளும் நேரசைகள். முதல் அடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். ஐகாரத்தை நீக்கி எண்ணினால் முதல் அடியில் உள்ள நெடில் ஒன்றே ஒன்று. ஐந்தாம் அடியில் எட்டு நெடில்கள் உள்ளன. சிங்கம் குகையில் உறங்கும் அடி குறில்களால் செறிந்திருக்கிறது. கண்ணனை முதன்முதலாக விளிக்கும் அடி நெடில்களால் விரிந்து நீள்கிறது. வாய்விட்டுப் படிப்பவர் இந்த அடியில் தாமாகவே வேகத்தைக் குறைக்க நேரிடும்.

நான்காம் அடியின் இறுதியிலிருந்து ஆறாம் அடியின் தொடக்கம் வரை ஐந்து தளைகள் தொடர்ந்து வெண்சீர் வெண்டளைகளாக வருகின்றன. பாசுரத்தில் இதுவே மிக நீண்ட தொடர்ச்சி. அதையடுத்து வரும் ஆறாம் அடி, புணர்த்துப் படிக்கும்போது, நான்கு சீர்களிலும் நேர், நிரை என்ற ஒரே தொடக்கத்தைப் பெறுகிறது. அளவாக எடுத்து வைக்கும் அடிபோல நான்கு முறை அதே ஓசை வருகிறது.

வைணவ உரைமரபில் இப்பாசுரம் கண்ணனின் நடையழகைக் காண விரும்பிய ஆய்ச்சியரின் வேண்டுகோளாக விளக்கப்படுவதுண்டு. படுக்கையிலேயே கிடந்து அவன் அருள் செய்திருக்கலாம். ஆனால் எழுந்து, நடந்து, அரியணையில் அமர்ந்தே கேட்க வேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். அந்த நடைக்கு உரிய ஐந்தாம், ஆறாம் அடிகளின் ஓசை மற்ற ஆறு அடிகளிலிருந்து வேறுபட்டிருப்பது அந்த விளக்கத்துக்கு யாப்பு தரும் சான்று எனலாம்.

அடி முடிவுகளும் இதே போக்கில் மாறுகின்றன. ஐந்தாம் அடி 'உன்' என்ற சொல்லோடு முடிகிறது. எதனுடைய உரிமையைக் குறிக்கிறது என்பது அடுத்த அடியின் முதற்சொல்லில்தான் தெரியும். ஆறாம் அடி 'உடைய' என்னும் பெயரெச்சத்தில் முடிந்து அடுத்த அடியின் அரியணையைத் தழுவுகிறது. ஏழாம் அடி 'வந்த' என்னும் பெயரெச்சத்தில் முடிந்து எட்டாம் அடியின் 'காரியம்' என்னும் பெயரைத் தழுவுகிறது. நடை தொடங்கிய பின் எந்த அடியும் தன் எல்லையில் நிற்பதில்லை.

சொல் மீள்வரவு

பாசுரத்தில் மீண்டும் வரும் சொற்கள் மிகச் சில. ஆனால் ஒவ்வொன்றும் சிங்கத்தின் பகுதியில் ஒரு முறையும் கண்ணனின் பகுதியில் ஒரு முறையும் வருகிறது.

முதலாவது 'சீரிய' என்னும் அடைமொழி. இரண்டாம் அடியில் அது சிங்கத்துக்கு அடை. ஏழாம் அடியில் அரியணைக்கு அடை. இரண்டு இடங்களிலும் அது அடியின் முதற்சீர். இரண்டு இடங்களிலும் கூவிளம்.

இரண்டாவது 'சிங்கம்' என்னும் சொல். சிங்காசனம் என்பது சிங்க ஆசனம். அதை ஏழாம் அடியில் சீர் பிரிக்கும்போது 'சிங்கா' என்பது ஒரு சீராகவும், 'சனம்' என்பது அடுத்த சீரின் தொடக்கமாகவும் பிரிகிறது. இவ்வாறு சீருக்காகச் சொல்லைப் பிளப்பது வகையுளி எனப்படும். இங்கே அதனால் ஒரு நன்மை விளைகிறது. இரண்டாம் அடியின் இரண்டாம் சீரில் சிங்கம் நிற்கிறது. ஏழாம் அடியின் இரண்டாம் சீரிலும் அதே வாய்பாட்டில் சிங்கத்தின் பெயரே ஒலிக்கிறது. 'சனம்' என்னும் ஒலி வந்த பிறகுதான் அது இருக்கை என்று தெரிகிறது. கேட்பவர் காதில் சிங்கம் மீண்டும் வந்து அமர்கிறது. நான்காம் அடியோடு உவமை முடிந்துவிட்டது என்று எண்ணிய இடத்தில், அது அரியணைக்குள் இன்னும் இருப்பது வெளிப்படுகிறது.

மூன்றாவது 'போ' என்னும் வினைப்பகுதி. சிங்கத்துக்கு அது ஐந்தாம் அடியில் 'போதரும்' என வருகிறது. கண்ணனுக்கு ஆறாம் அடியில் 'போந்தருளி' என வருகிறது. குகையை விட்டு வெளிவரும் செயலும் கோயிலை விட்டு வெளிவரும் செயலும் ஒரே வினையால் கூறப்படுகின்றன. கண்ணனுக்கு மட்டும் 'அருள்' என்ற துணைவினை கூடுதலாகச் சேர்கிறது. அதே 'அருள்' எட்டாம் அடியில் பாசுரத்தின் வேண்டுகோளாக மீண்டும் வருகிறது.

வினையெச்சத் தொடர்

சொல்லைப் போலவே இலக்கண வடிவமும் மீண்டும் மீண்டும் வரலாம். சிங்கம் விழித்தெழும் பகுதியில் அறிவுற்று, விழித்து, பொங்க, பேர்ந்து, உதறி, நிமிர்ந்து, முழங்கி, புறப்பட்டு என எட்டு வினையெச்சங்கள் மூன்று அடிகளுக்குள் வருகின்றன. உறக்கத்திலிருந்து வெளியேறுவது வரை ஒரு படியும் விடுபடவில்லை.

கண்ணனின் பகுதியில் போந்தருளி, இருந்து, ஆராய்ந்து என மூன்றே எச்சங்கள் உள்ளன. இவை பின் மூன்று அடிகளில் அடிக்கு ஒன்றாக அமைகின்றன. முதல் பாதியில் செயல்கள் நெருக்கமாகக் குவிகின்றன. இரண்டாம் பாதியில் அவை ஆற அமர வருகின்றன. ஒரு பாதியில் விலங்கின் வேகம். மறு பாதியில் அரசனின் நிதானம்.

பாசுரம் முழுவதும் ஒரே வாக்கியம். அதன் வினைமுற்று கடைசி அடியில் வரும் 'அருள்' ஒன்றே. மற்ற எச்சங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லை நோக்கியே செல்கின்றன. ஏழரை அடிக்கு மேல் காத்திருந்த பிறகே வேண்டுகோள் வாய் திறக்கிறது.

'எம்பாவாய்' என்னும் முடிப்பு

திருப்பாவையின் 30 பாசுரங்களும் 'எம்பாவாய்' என்னும் விளியோடு முடிகின்றன. 29 பாசுரங்களில் அதற்கு முன் 'ஏலோர்' என்பது வருகிறது. நூற்பயன் கூறும் 30ஆம் பாசுரத்தில் அது இல்லை. சீர் பிரிக்கும்போது 'ஏலோர்' என்பதன் இறுதி ரகரம் அடுத்த சீரோடு சேர்வதால், கடைசிச் சீர் எப்போதும் தேமாங்காய் ஆகிறது. ஒவ்வொரு பாசுரமும் எந்தச் சீரில் தொடங்கினாலும் எந்த எதுகையில் நடந்தாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றே.

23ஆம் பாசுரத்தில் எதுகை இரண்டு அடிகள் விலகிச் செல்ல முடிவதற்கு இந்த உறுதியான முடிப்பும் ஒரு காரணம் எனலாம். கேட்பவருக்குப் பாசுரம் எங்கே முடியும் என்பது முன்பே தெரியும். மேலும், ரகரத்தை எதுகையாகக் கொண்ட இப்பாசுரத்தின் கடைசி அடியில் காரியம், ஆராய்ந்து, அருள் என மூன்று சொற்களிலும் இரண்டாம் எழுத்தாக ரகரமே வருகிறது. ஏலோர் என்பதிலும் ரகரம் உண்டு. விலகிய எதுகை திரும்பி வந்ததோடு நில்லாமல் அடி முழுவதும் பரவி நிற்கிறது.

அடுத்த பாசுரத்தோடு ஒப்பீடு

23ஆம் பாசுரத்தை 24ஆம் பாசுரத்தோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் அமைப்பு மேலும் துலங்கும். 24ஆம் பாசுரத்தின் முதல் ஆறு அடிகளும் 'போற்றி' என்ற சொல்லில் முடிகின்றன. உலகளந்தது, இலங்கையை வென்றது, சகடம் உதைத்தது, கன்றாக வந்த அசுரனை எறிந்தது, குன்றைக் குடையாக எடுத்தது, பகை வெல்லும் வேல் என அடிக்கு ஒரு பெருமை கூறப்படுகிறது. எதுகை எட்டு அடிகளிலும் பொருந்துகிறது. முதல் ஆறு அடிகளில் ஒவ்வோர் அடியும் தனி வாழ்த்து. அடுத்த அடிக்குள் புகுவதில்லை.

நடந்து வந்த திருவடியைக் கண்டதும் ஆய்ச்சியர் வாழ்த்தத் தொடங்கினர் என்று இரு பாசுரங்களையும் இணைத்து விளக்குவது வழக்கம். யாப்பும் அதற்கு இசைகிறது. 23இல் மீள்வரவு மறைவானது, வாக்கியம் அடிகளைக் கடந்து ஓடுகிறது, எதுகை நெகிழ்கிறது. 24இல் மீள்வரவு வெளிப்படையானது, அடிகள் அடைபட்டு நிற்கின்றன, எதுகை இறுகுகிறது. நடைக்கு ஓர் ஓசை, வாழ்த்துக்கு ஓர் ஓசை. எட்டடி, நாற்சீர், வெண்டளை என்னும் ஒரே சட்டத்துக்குள் இரண்டும் செய்யப்பட்டுள்ளன.

எதிர்வாதங்கள்

எதுகை விலகுவதற்கெல்லாம் பொருட்காரணம் தேடுவது சரியா என்ற கேள்வி எழலாம். திருப்பாவையில் வேறு சில இடங்களிலும் எதுகை விலகுகிறது. 7ஆம் பாசுரத்தின் ஆறாம் அடியிலும், 20ஆம் பாசுரத்தின் ஏழாம் அடியிலும் அவ்வாறு நிகழ்கிறது. அங்கெல்லாம் பொருளில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. தேவையான சொல்லை வைப்பதற்காக எதுகை விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தம்.

4ஆம் பாசுரம் இடைப்பட்டது. ழகர எதுகையால் நடக்கும் அப்பாசுரத்தின் கடைசி அடி 'மார்கழி' என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து பொருந்தவில்லை. ஆனால் ழகரம் அச்சொல்லின் இறுதியில் உள்ளது. அதே அடியில் இன்னொரு சொல்லிலும் வருகிறது. பாசுரம் முழுவதும் 11 முறை ஒலிக்கும் ழகரம் எதுகை நின்ற இடத்திலும் நிற்கவில்லை.

இவற்றிலிருந்து 23ஆம் பாசுரம் இரண்டு வகையில் வேறுபடுகிறது. இரண்டு அடிகள் அடுத்தடுத்து விலகுவது இங்கு மட்டுமே. விலகிய பின், முன்பு வந்த அதே சொல்லைக் கொண்டு எதுகை மீட்கப்படுவதும் இங்குதான். தற்செயலாக நேர்ந்த நெகிழ்ச்சியாக இருந்தால் இவ்வளவு ஒழுங்கான மீட்சி இருக்க வாய்ப்பு குறைவு. ஆண்டாள் திட்டமிட்டே இப்படிச் செய்தார் என்று நிறுவ முடியாது. பாடலில் அந்த ஒழுங்கு இருப்பதையும், அது பொருளின் திருப்பத்தோடு பொருந்துவதையும் மட்டுமே யாப்பின் துணையால் காட்ட முடியும்.

இது யாப்புப் பிழையும் அன்று. எல்லா அடிகளும் ஒரே எதுகை பெறுவது ஒரு விகற்பம். எதுகை மாறி வருவது பல விகற்பம். பாவினங்களில் இரண்டுக்கும் இடமுண்டு.

எதுகையைப் பாடத்தைக் காக்கும் வேலியாகவும் பயன்படுத்தலாம். 'சீரிய' என்பதைச் சிலர் வல்லின றகரமிட்டு எழுதுவதும் ஒலிப்பதும் உண்டு. சீறுவது சிங்கத்துக்குப் பொருந்தும் என்பதால் தவறு எளிதில் தெரிவதில்லை. ஆனால் றகரம் மற்ற அடிகளின் ரகரத்தோடு எதுகையாகாது, அரியணையும் சீறாது. எதுகை, மீள்வரவு என்ற இரண்டு சான்றுகளும் இடையின ரகரத்தையே உறுதிப்படுத்துகின்றன.

மதிப்பீடு

எதுகையும் மோனையும் பாடலுக்கு அணி சேர்ப்பவை, மனப்பாடம் செய்ய உதவுபவை என்ற அளவிலேயே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. அந்த இரண்டு பயன்களும் உண்மையே. ஆனால் 23ஆம் பாசுரம் அவற்றுக்கு மேலான ஒரு பயனைக் காட்டுகிறது. நான்கு அடிகள் ஒரே எழுத்தைக் கேட்டுப் பழகிய காது ஐந்தாம் அடியிலும் அதையே எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது வராதபோது அந்த அடியில் கவனம் குவிகிறது. அந்த அடியில்தான் சிங்கம் மறைந்து, 'நீ' என்று அழைக்கப்படும் ஒருவன் தோன்றுகிறான். இரண்டு அடிகள் கழித்து எதுகை திரும்பும்போது அவன் அரியணையில் இருக்கிறான். ஆய்ச்சியர் தம் காரியத்தைச் சொல்லத் தயாராக நிற்கின்றனர்.

தொடக்கத்திலிருந்தே எதுகை இல்லாத பாடலில் இந்த விளைவு கிட்டாது. எட்டு அடிகளிலும் எதுகை முற்றிலும் பொருந்திய பாடலிலும் கிட்டாது. ஒரு பாடலின் எதுகையைக் கணக்கிடும் மாணவர், பொருந்தும் அடிகளை மட்டுமன்றி, பொருந்தாத அடி எது, அங்கே பொருள் என்ன ஆகிறது என்பதையும் குறித்துக்கொண்டால், யாப்பிலக்கணம் பாடலைப் புரிந்துகொள்ளும் கருவியாகும்.